எந்த அம்மை

“எனக்குச் சின்னதுல வந்தது எந்த அம்மை? பேரச் சொல்லு.”

சண்முகப்பிரியா கேட்டுவிட்டாள். இராமலட்சுமியின் கை தன்னால் எழுந்து மகளின் வாயை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்று, திரும்பிப் போய்த் தன் வாயையே பொத்திக்கொண்டது.

அறையின் மூலையில் வேப்பிலை பரப்பிய பாயில் நான்கு வயது வித்யா படுத்திருந்தாள். கழுத்திலும் முதுகிலும் வயிற்றிலும் நீர் கோத்த முத்துகள். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், அதிலும் ஒரு கொத்து வேப்பிலை. இப்படி ஒரு பாய் விரித்திருக்கிற வீட்டில் அதன் பேரைச் சொல்லக்கூடாது. எது வந்திருக்கிறது என்று கேட்கக்கூடாது. எப்போது போகும் என்று கேட்கவே கூடாது. கேட்டால், வந்தவளைக் குறுக்கு விசாரணை செய்தது போல ஆகிவிடும். சண்முகப்பிரியாவுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்பே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

“ஏட்டி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? அவ இங்கன இருக்கா. அவ காதுல விழும்படியாவா கேப்ப?”

“விழட்டும். நீதான் சொல்ல மாட்டேங்க. அவளாவது சொல்லட்டும்.”

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அண்ணன் கௌரிசங்கர் ‘ச்சு’ என்றான். அவன் மனைவி மஞ்சு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்கொழுந்தால் முதுகை வருடிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தவில்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை.

எல்லாம் ஒரு வாட்ஸாப் செய்தியால் வந்தது.

சண்முகப்பிரியா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள். பி.காம். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா இல்லை. அம்மா ராயகிரியில் இருக்கிறாள். பிரியா தென்காசியில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் போய் வருவாள். சீசனில் சனி ஞாயிறு நெருங்கினால் அறைகள் நிரம்பி வழியும், வீட்டுக்கு வர முடியாது. இந்த வாரமும் வியாழக்கிழமை காலையில், வித்யா கன்னத்தில் கொடுத்த எச்சில் முத்தத்தைத் துடைக்காமல் பஸ் ஏறியவள், லாட்ஜிலேயே தங்கிவிட்டாள். ஞாயிறு காலை அண்ணனிடமிருந்து செய்தி வந்தது.

‘வீட்டுக்கு அம்மா வந்திருக்கா. வரும்போது இளநி நாலு வாங்கிட்டு வா.’

அம்மா ராயகிரியிலிருந்து வந்திருக்கிறாள், பஸ் சூட்டில் வயிறு காந்தும், இளநீர் கேட்கிறாள் என்று பிரியா படித்தாள். வேறு எப்படிப் படிப்பது? மேனேஜர் கணேசமூர்த்தியிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நான்கு இளநீரைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மாடி ஏறியதும் கதவைத் திறந்தது அம்மாதான். ஆகச் செய்தி பொய்யில்லை. மழை மூட்டத்தில் அறை இருட்டாகக் கிடந்தது. வித்யா போர்வைக்குள்ளிருந்து “அத்தே” என்று கையை நீட்டினாள். பிரியா பிள்ளையை அள்ளி மடியில் போட்டு, தம்ளரில் இளநீர் ஊற்றிப் புகட்டி, லாட்ஜில் ஒரு சென்னைக்காரர் குரங்கிடம் கண்ணாடியைப் பறிகொடுத்த கதையைச் சொன்னாள். கதை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. வித்யா சிரித்துப் புரண்டபோது போர்வை விலகியது. கழுத்தில் முத்து.

பிரியா போர்வையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். வயிற்றிலும் முத்து.

“இது என்னண்ணே?”

“அதான் மெசேஜ் போட்டேம்லா. அம்மா வந்திருக்கான்னு.”

“அம்மா வந்திருக்கான்னு போட்டா அம்மா வந்திருக்கான்னுதான் படிப்பேன். அதுக்குத் தக்கன இந்த அம்மாவும் வந்து கதவத் தொறக்கா.”

“இத வேற எப்படிட்டீ போட? கீழ வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே காலி பண்ணச் சொல்லுவாரு. அவரு மக மாசமா வந்து இருக்கா. அதான் வாசல்ல வேப்பிலகூடச் செருகல. ஒனக்கு வாசம் வந்திருக்கும்னு நெனச்சேன்.”

“நான் என்ன மோப்ப நாயா?”

அவள் சத்தம் போடுவதற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் முகம் வீங்கியது, கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. பாளையங்கோட்டை ஆசுபத்திரியில் லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே அடிக்கிறது, இப்போது கிட்னியை அடிக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அவள் பாஷையில் சொன்னால், லாட்ஜ் வாட்ச்மேனுக்குப் புத்தி பிசகி ரூமில் தங்கியிருப்பவர்களையே கம்பால் அடிக்கிறான். அவனை வேலையை விட்டு நிறுத்த முடியாது, கையைக் கட்டி உட்கார வைக்கத்தான் முடியும். அதற்குத்தான் தினமும் இரண்டு விதமான மாத்திரை. கையைக் கட்டிவிட்டதால் உள்ளே இருப்பவர்கள் தப்பித்தார்கள். ஆனால் வெளியிலிருந்து எவனாவது சுவரேறிக் குதித்தால் அவனையும் வாட்ச்மேன் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அதனால் அவளுக்கு நிறைய விதிகள். குற்றாலத்தில் இரண்டு சீசன் வேலை பார்த்தும் பேரருவியில் ஒரு நாள் தலை நனைத்ததில்லை. அந்தக் கூட்டத்துக்குள் அவள் போகக்கூடாது. ரிசப்ஷனில் இருமுகிறவர்களிடம் சாவி கொடுக்கும்போது மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக்கொள்வாள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துப் பார்த்து நாளைக் கடத்தக்கூடாது, அன்றே கூப்பிட வேண்டும். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்கிற தடுப்பூசி எதையும் போடக்கூடாது. என்ன ஆனாலும் மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது. இதையெல்லாம் ஆசுபத்திரி சிஸ்டர் மாஜிதா ஒரு அட்டையின் பின்பக்கம் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். பர்ஸில் பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கும். ஐந்தாவது வரி: ‘வீட்டில் யாருக்காவது அம்மை என்றால், பார்த்த உடனே போன்.’

பார்த்த உடனே பிரியா பிள்ளையைப் பாயில் விட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், சட்டையை மாற்றினாள், மாஸ்க்கை மாட்டினாள், மொட்டை மாடிக்குப் போய் நின்று போன் போட்டாள். மாஜிதா எடுத்தாள்.

“முத்து என்னைக்குத் தெரிஞ்சுது?”

“நேத்துக் காலையிலன்னு சொல்லுதாங்க.”

“நீ அந்தப் பிள்ளைய அதுக்கு முந்தி எப்பப் பாத்த?”

“வியாழக்கிழமை. முத்தம் குடுத்தா.”

“அப்போ வியாழக்கிழமையிலேர்ந்தே கணக்கு வச்சிக்கோ. முத்து வெளிய தெரியுததுக்கு ரெண்டு நாள் முன்னாலயே ஒட்டும். இன்னைக்கு நாலாவது நாள். இரி, ஒன் ஃபைல எடுக்கேன்.” காகிதம் புரளும் சத்தம். “ம். சின்னம்மை ஏற்கெனவே வந்திருக்கு, தாயார் சொன்னதுன்னு எழுதியிருக்கே. அப்போ அவ்வளவு பயப்பட வேண்டாம் பிரியா. ஒரு தடவ வந்தா பெரும்பாலும் மறுக்கா வராது. வந்துதுதான?”

பிரியாவுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்கவில்லை. அவள் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா ஆமென்று தலையாட்டியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“வரலன்னா சிஸ்டர்?”

“வரலன்னா வேற கத. நெஞ்சுக்குள்ள எறங்கிரும், ஒன்னய மாதிரி ஆளுகளுக்கு. நல்லாக் கேட்டுட்டு இப்பவே கூப்பிடு. சும்மா அம்மை வந்துதான்னு கேக்காத. எந்த அம்மைன்னு கேளு.”

அப்படித்தான் மாடிப்படி இறங்கி வந்து, கேட்கக்கூடாததைக் கேட்டாள்.

இராமலட்சுமி வாயிலிருந்து கையை எடுத்தாள். “வந்தது. போயிட்டா. நல்லபடியா வெளையாடிட்டுப் போயிட்டா. அதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?”

“எப்படி இருந்துது?”

“முத்து முத்தா இருந்துது.”

“தண்ணி கோத்த முத்தா?”

“முத்துன்னா முத்துதான்.”

பிரியா அண்ணனைப் பார்த்தாள். அவன் வலது புருவத்துக்கு மேலே மிளகு அளவுக்கு ஒரு குழி. சின்ன வயதில் இவள் அதில் விரலை வைத்து பெல் அடித்து விளையாடியிருக்கிறாள்.

“அண்ணனுக்கு நெத்தியில தழும்பு இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்ல.”

“எல்லாருக்கும் விழுமா தழும்பு? ஒனக்கு நான் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு அப்பியே தேச்சு எடுத்தேன். பொம்பளப்பிள்ள மூஞ்சியாச்சேன்னு.”

“எம்மா, நான் அழகுக்குக் கேக்கல. இந்தா பாரு, என்னப் பாரு. அண்ணனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒண்ணா?”

இராமலட்சுமி பாயைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள். குரலை அடித்தொண்டைக்கு இறக்கினாள். “அவனுக்கு மேலெல்லாம் நீரு கோத்து வந்துது. மூணு தண்ணி ஊத்தித்தான் எந்திரிச்சான். ஒனக்கு அம்புட்டு இல்ல. கண்ணு செவந்து பீள தள்ளிச்சு. இருமிக்கிட்டே கெடந்த. பெறவு மேலெல்லாம் மண்ண வாரி எறிஞ்சாப்புல பொடிப்பொடியா…”

“மணல்வாரி.”

“ஏட்டி.”

“மணல்வாரிம்மா அது. வேற கிருமி, வேற சீக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.”

“ரெண்டும் அம்மைதான. அந்த டாக்டரு அம்மை போட்டிருக்கான்னு கேட்டாரு. போட்டிருக்குன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?”

பொய் இல்லைதான். பிரியாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நீர் கோத்து வருவதும் அம்மை, மணலாகப் பொரிவதும் அம்மை, தாடை வீங்குவதற்குக்கூட அம்மைக்கட்டு என்று பேர். ஆசுபத்திரிக்காரன் ஒரு வார்த்தையில் கேட்டான், இவள் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள், அவன் அதைச் சின்னம்மை என்று எழுதிக்கொண்டான். மூன்று வருஷமாக அந்தத் தாளை நம்பி எல்லாரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள், அவள் உட்பட.

“அப்பவே மணல்வாரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? இந்த நீர் கோக்குதது வரலன்னு சொல்லியிருந்தா என்ன?”

“வரலன்னு வாயால சொல்லச் சொல்லுதியா?” இராமலட்சுமிக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. “எங்க வீட்டுக்கு நீ வரலன்னு சொன்னா, அப்படியா இந்தா வாரேன்னு வந்து நிப்பா. நீ ஆசுபத்திரியில அரை உசுரா கெடக்க. அந்நேரம் அவளையும் வாவான்னு கூப்பிடச் சொல்லுதியா? படிச்ச புத்தி ஒனக்கு. எனக்கு அங்கன ஒன் உசுருதான் தெரிஞ்சுது.”

பிரியாவுக்குக் கோபம் குறையவில்லை, ஆனால் அதை வைக்க இடமில்லாமல் போயிற்று. மறுபடி மாஜிதாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஆச்சி, நான் மாஜிதா பேசுதேன். ஒங்க மகளுக்குச் சின்னம்மை, நீர்க்கொள்வான், அது வந்திருக்கா வரலையா?”

இராமலட்சுமி இல்லையென்று தலையாட்டினாள்.

“ஆச்சி, கேக்குதா?”

மறுபடி தலையாட்டினாள்.

“தலைய ஆட்டுனா போன்ல தெரியாதும்மா,” என்றாள் பிரியா.

மஞ்சு பாயிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கௌரிசங்கர் கதவைச் சாத்தினான், கீழே கேட்டுவிடாமல். இராமலட்சுமி முந்தானை நுனியைத் திருகினாள். சொம்பின் பக்கம் திரும்பி எதையோ முணுமுணுத்தாள். பிறகு போனுக்கு மிக அருகில் குனிந்து, ரகசியம் சொல்வது போலச் சொன்னாள்.

“மூத்தவனோட நின்னுட்டா.”

மாஜிதா மேலப்பாளையத்துக்காரி. ஊர்ப் பேச்சு அவளுக்குப் புதிதில்லை.

“சரி ஆச்சி. புரிஞ்சுது. வரலன்னு எழுதிக்கிடுதேன்.”

இராமலட்சுமி சட்டென்று சொம்பை முந்தானையால் மூடினாள்.

மாஜிதா டாக்டரிடம் பேசிவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். மெனக்கெட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரியா பால் கணக்கு எழுதும் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். இன்றைக்கே கிளம்பி வர வேண்டும். ரத்தம் எடுத்துச் சின்னம்மைக்கான எதிர்ப்பு உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்காதது எங்கள் பக்கத்துத் தப்பு என்று மாஜிதா ஒளிக்காமல் சொன்னாள். இல்லையென்றால், அதற்கென்று ஒரு ஊசி உண்டு, கிடைப்பது கஷ்டம், தேடிப் பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் மாத்திரை, எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்பதை டாக்டர் சொல்வார். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக்கூடாது. பிள்ளைக்கு எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அந்த வீட்டில் இருக்கக்கூடாது. கிட்னி மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ டாக்டர் சொன்னால்தான்.

“பஸ்ல வரலாமா சிஸ்டர்? என்னால யாருக்கும் ஒட்டாதே?”

“இன்னைக்கு ஒட்டாது. வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து மூணு நாலு வாரத்துக்கு நீ கவனமா இருக்கணும், ஆளுக நடுவுல போவக்கூடாது. லாட்ஜுல சொல்லிரு. மாஸ்க் போட்டு, சன்னல் பக்கம் உக்காந்து வா. இங்கன தனி ரூம் சொல்லி வச்சிருக்கேன்.”

போனை வைத்தாள். லாட்ஜில் சொல்லிவிடு என்றது காதில் நின்றது. வேலைக்குச் சேரும்போது அம்மா போட்ட ஒரே நிபந்தனை, சீக்கு விஷயம் அங்கே யாருக்கும் தெரியக்கூடாது, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது வந்து நிற்கும் என்பது. பிரியா நின்ற இடத்திலேயே கணேசமூர்த்திக்குச் செய்தி தட்டினாள். ‘சார், எனக்கு லூபஸ் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறேன். வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை. ஒரு மாதம் வர முடியாது.’ மூன்றாவது வாக்கியத்தில் சின்னம்மை என்று எழுதினாள். அம்மா என்று எழுதவில்லை. அனுப்பிவிட்டுப் போனைத் திருப்பி வைத்தாள்.

பிறகு ஃபிரிட்ஜின் மேலே கை நீட்டினாள். லாட்ஜுக்கு எடுத்துப்போன மாத்திரை காலையோடு தீர்ந்திருந்தது. டப்பா அங்கே இல்லை.

“என் டப்பா எங்க?”

இராமலட்சுமி பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“மதினி?”

மஞ்சு மாமியாரைப் பார்த்தாள். இராமலட்சுமி சொன்னாள். “அவ வீட்டுல இருக்கையில மருந்து மாத்திர உள்ள இருக்கப்படாது. அவளுக்கு ஆவாது. மூணாந் தண்ணி ஊத்துத வரைக்கும்தான. நீயும் ரெண்டு மூணு நாளைக்கு நிறுத்தி வையேன். ஒண்ணும் ஆயிராது.”

“நிறுத்துனா என்ன ஆகும்னு அன்னைக்கு டாக்டர் சொல்லும்போது பக்கத்துலதான நின்ன. மூணு வருஷம் தின்ன மாத்திர. பொசுக்குன்னு விட்டா ரத்த அழுத்தம் எறங்கி மயங்கி விழுவேன். கிட்னி மறுபடி அடிவாங்கும். எங்கன இருக்கு?”

“அண்ணன் வண்டிப் பொட்டியில,” என்றாள் மஞ்சு.

சாரலில் மூன்று நாளாக நனைகிற பைக்கின் பக்கவாட்டுப் பெட்டியில். பிரியா அண்ணன் சட்டைப்பையிலிருந்து சாவியை அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. ஒரு பையில் மூன்று செட் துணி, ஆசுபத்திரி ஃபைல், சார்ஜர். பையைக் கட்டும்போது மஞ்சு எழுந்து வந்தாள். அவள் கண்ணில் தூக்கமே இல்லை.

“பிரியா, உள்ள வந்துட்டு இப்படி வெளியூருக்குப் போவக்கூடாதுன்னு சொல்லுதாவ. தண்ணி ஊத்துததுக்குள்ள ஆளு படி தாண்டிப் போனா முத்து கண்ணுக்குள்ள எறங்கிரும்னு. எம்பிள்ளைக்கு ஆவாது. நீ மேல மாடி ரூம்புல இருந்துக்கோயேன். பிள்ள மேல வராம நான் பாத்துக்கிடுதேன்.”

இத்தனை நேரம் இருந்த சண்டை இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. அம்மாவிடம் கத்தலாம். இவளிடம் என்னவென்று கத்துவது? மொட்டை மாடி அறை என்பது தகரம் வேய்ந்த நான்கடி இடம். குளிக்கவும் சாப்பிடவும் இறங்கி இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

“மதினி, நான் போனா அவளுக்கு எதுவும் ஆவாது. நான் இருந்தா எனக்கு ஆவும். கண்ணுக்குள்ள எறங்காது, நெஞ்சுக்குள்ள எறங்கும். கேட்டியள்ல, சிஸ்டர் சொன்னத.” பிள்ளையை எட்டிப் பார்த்தாள், கிட்டே போகவில்லை. வித்யா தூங்கிப்போயிருந்தாள். “இவ நல்லா இருக்கா. பெரும்பாலும் தானா எறங்கிரும். ஆனா மூச்சு வாங்குனாலோ, எழுப்புனா எந்திரிக்காமக் கெடந்தாலோ, முத்தச் சுத்திச் செவந்து சீழ் வச்சாலோ, தண்ணி ஊத்துத நாள் பாத்துக்கிட்டு இருக்காதிய. தூக்கிட்டு ஓடுங்க. அம்மாவ நான் வஞ்சுட்டுப் போறேன், பழி என் தலையில கெடக்கட்டும். நீங்க ஓடுங்க.”

மஞ்சு தலையசைத்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை.

கௌரிசங்கர், “நான் பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடுதேன்,” என்றான்.

“வேண்டாம். நீ வேற ஒண்ணு செய்யணும். கீழ போய் முத்துராமலிங்கம் அண்ணாச்சிட்டச் சொல்லு.”

“என்னத்த?”

“என்னத்தயா? போன வாரம் முழுக்க வித்யா அந்த அக்கா மடியிலதான் கெடந்தா. வயித்துல காத வச்சுப் பாப்பா பேசுதான்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அவுகளுக்கு இதுக்கு முந்தி வந்திருக்கா வரலையான்னு ஒனக்குத் தெரியுமா?”

“சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாருட்டீ. இந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவ?”

“எனக்கும் நீ சொல்லல. முக்கால் மணி நேரம் மடியில வச்சிருந்தேன். நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன.”

அவன் முகம் சுருங்கியது. “நான் மெசேஜ் போட்டேன்…”

“போட்ட. சரி. நீ சொல்லுதியா, நான் சொல்லவா?”

அவன் பாயைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். புருவத்துக்கு மேலே இருந்த குழியைக் கட்டைவிரலால் தேய்த்தான். அவன் சொல்ல மாட்டான் என்று பிரியாவுக்குத் தெரியும்.

செருப்பை மாட்டினாள். இராமலட்சுமி வாசல் படியில் குறுக்காக உட்கார்ந்துவிட்டாள்.

“என்னத் தாண்டிப் போ பாப்போம்.”

“தாண்ட மாட்டேன். தள்ளு.”

“பஸ்ல போற வழியில எவன் எவன் இருமுவானோ. அங்க போய் ஒத்தையில என்னத்தச் செய்வ?”

“மாத்திர திம்பேன்.”

இராமலட்சுமி மகளை அண்ணாந்து பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. என்ன நினைத்தாளோ, புடவையை ஒதுக்கிக்கொண்டு முழங்காலை ஒரு பக்கமாக மடக்கினாள். எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி மட்டும் விட்டாள். பிரியா பையை நெஞ்சோடு அணைத்து, பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தாள்.

பைக் பெட்டியில் டப்பா இருந்தது. மேல் அட்டை நமத்துப் போயிருந்தது, உள்ளே பட்டைகளுக்கு ஒன்றுமில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

கீழ் வீட்டு வாசலில் முத்துராமலிங்கம் கைலியோடு நின்று, ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே டிவி சத்தம். சோபாவில் அவர் மகள் காலை நீட்டி உட்கார்ந்து, மேடிட்ட வயிற்றின் மேல் தட்டை வைத்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

“என்ன பிரியா, வந்த கால்லயே கெளம்பிட்ட? அம்மா வந்திருக்காவ போல.”

மாடி ஜன்னல் கதவு லேசாக அசைந்தது. அண்ணனாக இருக்கும்.

“ரெண்டு அம்மாவும் வந்திருக்காவ அண்ணாச்சி.”

அவருக்கு விளங்கவில்லை. வாளி நிறைந்து வழிந்தது.

“வித்யாவுக்குச் சின்னம்மை. நேத்துத் தெரிஞ்சுது. போன வாரமெல்லாம் அக்கா மடியிலதான் இருந்தா. அக்காளுக்கு முந்தி வந்திருக்கான்னு அவுக அம்மாட்டக் கேளுங்க. சும்மா கேக்காதிய, எந்த அம்மைன்னு பேர் சொல்லிக் கேளுங்க. வரலன்னா இன்னைக்கே டாக்டருக்குப் போன் போடுங்க, நாளைக்குன்னு வைக்காதிய. நேரா கூட்டிட்டுப் போயிராதிய, அங்கனயும் மாசமா உள்ளவுக உக்காந்திருப்பாவ. போன்ல சொல்லிட்டு, அவுக வரச் சொன்ன மாதிரி போங்க. எங்கண்ணன் மேல கோவப்படணும்னா பெறவு படுங்க.”

முத்துராமலிங்கம் வாளியை விட்டு நிமிர்ந்தார். உள்ளே முறுக்கு கடிபடுகிற சத்தம் நின்றது. மேலே ஜன்னல் சாத்திக்கொண்டது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பிரியா குடையை விரித்து, மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கமாகத் திரும்பி நடந்தாள்.